மூக்கர் ருசி பார்த்த போர்ட்டர்

அவரை எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு அப்படியொன்றும் பெரியதில்லை. கண்ணாடி நழுவி விழுகிற சப்பை மூக்கு. ஆனால் அந்த மூக்கை நம்பித்தான் ஒரு காப்பிக் கம்பெனி அவருக்குக் கடைசி வரை சம்பளம் கொடுத்தது. மேசையில் வரிசையாகக் கிண்ணங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்பிவிட்டு, "இது மழையில நனைஞ்ச மூட்டை" என்பார். பக்கத்து வீட்டில் என்ன கருகுகிறது என்பதை இவரைக் கேட்டுத்தான் அந்த வீட்டுக்காரியே தெரிந்துகொள்வாள் என்று மனைவி கேலி செய்வார்.

ஓய்வு பெற்ற கையோடு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இனிப்பும் கசப்பும் நாக்கில் தெரியும், அவ்வளவுதான். சோப்பும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. "திரும்ப வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். இந்தப் பதிலைச் சொல்ல டாக்டருக்குத்தான் படிக்க வேண்டுமா என்று இவர் வழியெல்லாம் பொருமிக்கொண்டு வந்தார்.

மனைவியிடம் மறைக்க முடியவில்லை. ஒருநாள் அடுப்பில் பால் கருகித் தீய்ந்துகொண்டிருந்தது. மனிதர் அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கண் எரிந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். மனைவியைத் தவிர வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை. வெட்கம். மூக்கே இல்லாதவனை மூக்கர் என்று எப்படிக் கூப்பிடுவார்கள்?

அதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. வினை அவருடைய தங்கை கையில் ஒரு பாட்டிலாக வந்தது.

தங்கைக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. சமையலறை மூலையில் ஒரு பெரிய பானையை வைத்துக்கொண்டு லீவு நாளெல்லாம் பீர் காய்ச்சிப் பழகியவள். முதல் தடவையாக உருப்படியாக ஒன்று வந்ததும் நேரே அண்ணனிடம் கொண்டுவந்தாள்.

"ஊரெல்லாம் நல்லாருக்குன்னு சொல்லலாம் அண்ணா. நீ சொன்னாதான் நான் நம்புவேன்."

மூக்கர் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றுமில்லை. கோப்பைக்கு மேலே பார்த்தார். அங்கே தங்கையின் முகம் இருந்தது; சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நன்றாக இல்லாத ஒன்றை வைத்துக்கொண்டு யாரும் இப்படி நிற்கமாட்டார்கள்.

"பிரமாதம்" என்றார். சொன்னதோடு விட்டாரா? இத்தனை வருடம் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகளிலிருந்து நாலு எடுத்துவிட்டார். "முதல்ல வறுவல் வாசனை. அப்புறம் லேசா சாக்லேட். கடைசியில சுத்தமா முடியுது."

தங்கை குதித்தாள். அடுத்த மாதம் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, மூடிக்கிடந்த ஒரு கார் ஒர்க்‌ஷாப்பை வாடகைக்கு எடுத்து, எஃகுத் தொட்டிகளை இறக்கி, அங்கேயே காய்ச்சி விற்கத் தொடங்கினாள்.

பிறகு ஒவ்வொரு தொட்டிக்கும் அவரைக் கூப்பிட்டாள். அவரும் போனார். அவள் கண் மலர்ந்தால் "தாராளமா அனுப்பு" என்பார். புருவம் சுருங்கினால் "கசப்பு கொஞ்சம் தூக்கல்" என்பார். ஒருமுறைகூடத் தப்பவில்லை. அண்ணனுடைய நாக்கு தங்கநாக்கு என்று வருகிறவர்களிடமெல்லாம் அவள் சொல்லிக்கொண்டாள். கேட்கும்போதெல்லாம் அவருக்குச் செருப்பால் அடித்தது போலிருக்கும்.

"சொல்லிடுங்க. அவளோட பொழப்பு அது, விளையாட்டு இல்ல" என்று மனைவி நச்சரித்தார்.

"அடுத்த தடவ போறப்ப சொல்றேன்."

அந்த அடுத்த தடவை வால்நட் போர்ட்டராக வந்து சேர்ந்தது. போர்ட்டர் என்பது வறுத்த பார்லியில் காய்ச்சுகிற கறுப்பு பீர். அதில் வறுத்த வால்நட் மணத்தையும் ஏற்றிவிட வேண்டும் என்பது தங்கையின் நெடுநாள் ஆசை. வால்நட்டில் எண்ணெய் அதிகம். அதைப் பிழிந்து எடுக்காவிட்டால் பீரில் நுரை நிற்காது. எண்ணெய் கெட்டுவிட்டால் மொத்தத் தொட்டியும் நாறும். தங்கை நன்றாகத்தான் பிழிந்தாள். ஆனால் தொட்டி காலியாவதற்காகக் காத்திருந்த நாட்களில் வால்நட் பருப்பு டின்னைக் கொதிகலன் பக்கத்திலேயே வைத்துவிட்டாள்; மிச்சமிருந்த எண்ணெய் அந்தச் சூட்டில் கெட்டது.

ருசி பார்க்கிற அன்று கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"என்ன இது?"

"காய்ச்சினவ மூஞ்சிய ருசி பாக்கறவர் பாக்கக் கூடாதாம். பாத்தா பாவம்னு நல்லதா சொல்லிடுவியாம். இனிமே இப்படித்தான்."

மூக்கர் தங்கையின் முதுகைப் பார்த்தார். ஏப்ரனின் முடிச்சு தெரிந்தது, தளர்ந்த பின்னல் தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. குடித்தார். கசப்பு, பின்னாடி கொஞ்சம் இனிப்பு. இன்னொரு வாய் குடித்தார். சொல்லிவிடுவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று அவருக்கே தெரிந்தது.

"அருமையா இருக்கு. பருப்பு வாசனை தூக்கலா தெரியுது."

அவள் திரும்பினாள். புருவம் சுருங்கியிருந்தது.

"நிஜமாவா? எனக்கு என்னவோ... சரி விடு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்தச் சுருக்கத்தை அவர் பார்த்தார். பார்த்துவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனார். பொய்யை விட அதுதான் பின்னால் அவரை அதிகம் அரித்தது.

சனிக்கிழமை மதியம் போர்ட்டரைத் திறந்தார்கள். வந்தவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை மெல்லத் தள்ளிவைத்தார்கள். "வித்தியாசமா இருக்கு" என்று ஒருத்தி சிரித்துச் சமாளித்தாள். "பழைய எண்ணெய் நாத்தம் வருதே" என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். தங்கை முக்கால்வாசி நிறைந்திருந்த கோப்பைகளை எடுத்து ஒவ்வொன்றாகச் சாக்கடையில் கொட்டினாள்.

எல்லோரும் போன பிறகு அவரிடம் வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டவில்லை.

"எனக்கு அந்த நாத்தம் அன்னைக்கே வந்துச்சு அண்ணா. நீ அருமைன்னதும் என் மூக்குலதான் கோளாறுன்னு விட்டுட்டேன். மனசு நோகக் கூடாதுன்னு மறைச்சிட்டே, இல்ல?"

தப்பிக்க ஒரு வாசலை அவளே திறந்துவிட்டாள். மூக்கர் தலையாட்டினார்.

"உன்னையும் நம்ப முடியாது, என்னையும் நம்ப முடியாது. இதுக்கு மேல எத வச்சுக் காய்ச்சறது? எல்லாத்தையும் வித்துடறேன். பழைய ஆபீசுல எப்ப வேணும்னாலும் திரும்பி வான்னு சொல்லியிருக்காங்க."

வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

காலையில் ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது தங்கை சின்னத் தொட்டியைக் காலி செய்துகொண்டிருந்தாள். பெரிய தொட்டிக்கு முன்னாலேயே, பருப்பு புதுசாக இருந்தபோது, சும்மா சோதித்துப் பார்க்க வைத்திருந்த போர்ட்டர் அது. அவர் ஒரு கோப்பையில் பிடித்துக்கொண்டார். அவள் அன்றைப் போலவே சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"திரும்பாதே. உன் மூஞ்சி தெரியலன்னா எனக்கு எதுவும் தெரியாது" என்றார். "எனக்கு வாசனை இல்ல. அந்தக் காய்ச்சலோட போயிடுச்சு."

அவள் மனதுக்குள் கணக்குப் போடுவது அவருக்குத் தெரிந்தது.

"அப்ப அந்த முதல் பாட்டில்?"

"அதுவும்தான்."

"அந்த வார்த்தைய நம்பித்தானே நான் வேலைய விட்டேன்!"

அவரால் நிமிர முடியவில்லை. "ஆமா" என்று மட்டும் சொன்னார்.

"அப்ப அது நல்லா இருந்துச்சா இல்லையான்னு யாருக்குத்தான் தெரியும்?"

"உனக்குத் தெரியும். உன் மூஞ்சியில எழுதியிருந்துச்சு. நான் படிச்சேன், அவ்வளவுதான். எல்லாத் தொட்டியும் அப்படித்தான். நீ திரும்பி நின்ன ஒண்ணுதான் கெட்டுப்போச்சு."

தங்கை காலி பீப்பாய் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். பிறகு கையை நீட்டிக் கோப்பையை வாங்கி, மூக்கருகே வைத்து, கண்ணை மூடி ஒரு வாய் குடித்தாள். மூக்கர் பழக்கதோஷத்தில் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"பாக்காதே" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். இன்னொரு வாய் குடிக்கிற சத்தம் கேட்டது.

"பருப்பு இன்னும் கொஞ்சம் தூக்கலா வரணும்" என்றாள், அவரிடம் இல்லை. அப்புறம் தொட்டியின் குழாயை இறுக்கி மூடுகிற சத்தம்.

"நாளைக்கு வந்துடு. ருசி பாக்க இல்ல. பாட்டில் கழுவ ஆள் வேணும்."

"வரேன்மா" என்றார் மூக்கர், சுவரிடம்.