முகப்புப் படம் இருண்ட நாள்

பிள்ளைகளே, நம் வீட்டுக் கம்ப்யூட்டர் கெட்ட கதையைச் சொல்லி நீங்கள் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியவளுக்குத் தெரிந்ததுதான். சின்னவன் அப்போது விடுதியில் இருந்தான், அவனுக்காக நடந்தபடி எழுதுகிறேன்.

நான் பத்தாவது படித்த கொத்தனார். திண்டுக்கல்லில் ஓர் என்ஜினியரிடம் வேலை. பெரியவள் டிப்ளமோ முடித்ததும், கட்டப்போகும் வீட்டின் முகப்பைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கும் வேலையை அவர் அவளுக்குத் தந்தார். அது நிலைத்துவிட்டால் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடலாம் என்று அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சாணார்பட்டிப் பக்கம் வீடு கட்ட இருந்த ஒருவர், சம்சாரத்தோடும் என்ஜினியரோடும் நல்ல நேரம் பார்த்து நம் வீட்டுக்கே படம் பார்க்க வந்தார். பெரியவள் வீட்டைத் திரையில் சுற்றிக் காட்டினாள். வாசல் வந்தது, ஜன்னல் வந்தது. பட்டென்று திரை கறுத்துப் போனது.

"ஆத்தி! இன்னும் அஸ்திவாரத்துக்கு வானமே தோண்டல, அதுக்குள்ள வீடு இருட்டடிச்சுப் போச்சே!" என்றார் அந்தம்மா.

"செத்த நேரம் இருங்க அத்தை, வந்துரும்" என்றாள் பெரியவள்.

வந்தது. மறுபடி சுற்றினாள், மறுபடி இருட்டு. வந்தவர் எழுந்துவிட்டார். "ஏய்யா கொத்தனாரே, வீட்டக் காட்டச் சொன்னா இருட்டக் காட்டுதே உம்ம மக கம்ப்யூட்டரு!" உங்கள் அம்மா கொண்டுவந்த காப்பி அப்படியே ஆறிப்போனது.

நம் பக்கம் எது நின்றாலும் கரண்டைத்தான் வைவோம். நானும் வைதேன். "தோட்டத்துல மோட்டாரப் போட்டிருப்பாய்ங்க."

"கரண்டு கொறஞ்சா ஃபேனும்ல திணறணும்? அது பாட்டுக்கு ஓடுது பாருங்கப்பா" என்றாள்.

படத்தைத் திரைக்குக் கொண்டுவரும் கார்டு ஒன்று உள்ளே இருக்கிறதாம். அதை வேலை வாங்கும் சாஃப்ட்வேருக்கு டிரைவர் என்று பெயர். நம்மைக் கேட்காமலே அது புதியதாக மாறிவிட்டிருந்தது. நம்முடையதோ பழைய கார்டு, இரண்டும் ஒத்துப்போகவில்லை. சாதாரண வேலைக்கு ஒன்றும் செய்யாது, வீட்டைச் சுற்றினால்தான் படுத்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றைக்கூட மறந்து உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரை 'சேஃப் மோட்' என்ற நிலையில் திறந்து, புதிய டிரைவரை மிச்சமில்லாமல் நீக்கினாள். கார்டு செய்த கம்பெனியின் தளத்திலிருந்து பழையதை இறக்கிப் போட்டாள். மறுபடி தானாக மாறாதபடி தடுத்தும் வைத்தாள். அதன்பின் அந்த வீட்டைச் சுற்றவிட்டாள். நான் சாப்பிட்டுக் கைகழுவி வந்து பார்த்தபோதும் வீடு சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் என்ஜினியரிடம் சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

"மேஸ்திரி, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. அவங்க கைராசி பாக்குறாங்க. இனிமே டவுன் ஆபீஸ்லயே வரஞ்சுக்கிறோம்."

"சாஃப்ட்வேர் கோளாறு சார் அது. படிச்சவுக, உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் மேஸ்திரி. தெரிஞ்சு என்ன செய்ய? வீடு கட்டுறது அவங்கதானே?"

'கைராசி இல்லாத பிள்ளை' என்ற பேச்சு அடுத்து வீடு கட்ட வந்தவரிடமும் போனது. அதற்குப்பிறகு அவளுக்கு ஒரு படமும் வரவில்லை.

சாணார்பட்டி வீட்டுக்கு வானம் தோண்டி, சுவர் எழும்பி, பூச்சு வேலைக்கு வந்தபோது முகப்புப் படத்தை என் கையில் கொடுத்தார்கள். அடியில் டவுன் ஆபீஸ் முத்திரை. மேலே இருந்தது என் மகள் வரைந்து என்ஜினியருக்கு அனுப்பியிருந்த அதே வீடு. ஜன்னலுக்கு மேல் அவள் வைத்த அரைவட்ட வளைவு, அதற்குள் புளிய இலைபோல் வரிசையான துளைகள், எதுவும் மாறவில்லை. அந்த வளைவை என் கையால்தான் பூசினேன். பூச்சு ஓரிடத்திலும் பிசகவில்லை.

குடிபுகுந்த அன்று வழக்கப்படி கொத்தனாருக்கு வேட்டி துண்டு வைத்துத் தட்டு நீட்டினார்கள். "முகப்பு அம்சமா இருக்குய்யா. டவுன்ல வரஞ்சதுல்ல!" என்றார் அந்தம்மா. உண்மை வாய் வரை வந்தது. நல்ல நாளில் கொத்தனார் வாய் திறந்தால் அதையும் சகுனம் என்பார்கள், அதுவும் அவள் தலையில்தான் விழும். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

படம் வராததால் ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்திருந்த பெரியவள், அன்று வீட்டுக்கு வந்ததும் வேட்டியை விரித்துப் பார்த்தாள். "நல்ல கரை வேட்டிப்பா, பொண்ணு பாக்க வர்ற அன்னிக்குக் கட்டிக்கங்க" என்றாள்.

கம்ப்யூட்டர் பிறகு ஒருநாளும் இருளவில்லை. பெண் பார்க்க வந்தார்கள். நான் பழைய வேட்டியைத்தான் கட்டியிருந்தேன்.