அணைத்துவைத்த ஃபோனின் தட்டு

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் ‘பெட்டியக்கா’ என்று பெயர். வாசலிலேயே எல்லாருடைய ஃபோனையும் பிடுங்கி இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவாள்; தலைமை ஆய்வாளரே ஆனாலும் தப்ப முடியாது. உள்ளே நடந்த சோதனை அப்படி. மனித ரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளை அணுக்களைத் தட்டுகளில் வளர்த்தார்கள். ஒரு தட்டின் பக்கத்தில் ஓயாமல் அழைப்பில் இருக்கும் ஃபோன், இன்னொன்றின் பக்கத்தில் அணைத்துவைத்த ஃபோன். எது எதுவென்று அணுக்களை எண்ணுகிறவளுக்குச் சொல்லமாட்டார்கள். தட்டின்மேல் வெறும் எழுத்துதான் இருக்கும். எண்ணுகிறவள் இவள்.

சொல்லாவிட்டால் மனசு சும்மா இருக்குமா? ஒரு தட்டில் அணுக்கள் குறைந்துகொண்டே வந்தன. இதுதான் ஃபோன் பேசிய தட்டு என்று அவளாகவே முடிவுகட்டினாள். வீட்டில் அவள் கணவன், ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து, வெள்ளை அணுக்கள் இன்னும் தேறாமல், தனி அறையில் படுத்திருந்தான். அன்று மாலையே அவன் ஃபோன் பறிபோனது. “கிருமி இல்லாம துடைச்சு வச்சுக்கிட்டா போதும், பேசட்டும்” என்று மருத்துவர் சொல்லியிருந்தது அவள் காதில் ஏறவில்லை.

பார்க்க யாரும் வரக்கூடாத மனிதன். தன் அக்காவோடு தினமும் அடிக்கும் அரட்டையும் நின்றதும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டான். சாப்பாடு வைத்தது வைத்தபடி திரும்பியது. உடம்பு துரும்பாக இளைத்தது. சண்டை போட்டிருந்தாலாவது பரவாயில்லை. மறுபேச்சே பேசவில்லை, அந்த நல்ல மனுஷன்.

சோதனை முடிந்து எந்த எழுத்து எந்த ஃபோன் என்று பிரித்துப் பார்த்தார்கள். அவள் பயந்த தட்டின் பக்கத்தில் இருந்தது அணைத்துவைத்த ஃபோன்.

“இன்னொரு தடவ பாருங்க மேடம்,” என்றாள்.

“பாத்தாச்சு,” என்றார் தலைமை ஆய்வாளர். “எல்லாத் தட்டையும் சேத்துப் பாத்தா பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல. இத வச்சு ஃபோனால கெடுதலே கிடையாதுன்னு சொல்லிட முடியாது. நம்ம சோதனையில தெரியல, அவ்வளவுதான். நீ ஏன் இப்படி வேர்த்துப்போயிருக்க?”

காரணத்தைக் கேட்டபின் அவர் திட்டவில்லை. “மீதி வேலைய நான் பாத்துக்கறேன், நீ வீட்டுக்குக் கிளம்பு” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் ஃபோனைத் துடைத்து அவன் போர்வைமேல் வைத்தாள். நடந்ததைச் சொல்லும்போதே அழுகை முட்டியது.

“உங்கள அநியாயமா வாட்டிட்டேன்.”

“பகலெல்லாம் அங்க அணுவ எண்ணிட்டு, ராத்திரி எனக்கு எத்தன இருக்கோன்னு தூங்காம கிடந்த,” என்றான் அவன். “நோய உன்னால பிடுங்க முடியல. ஃபோனையாவது பிடுங்கிக்கட்டுமேன்னு விட்டுட்டேன்.”

இப்படிப்பட்டவனைத் தனக்கு மிச்சம் வைத்தார்களே என்று, சிகிச்சை தந்தவர்கள், ரத்தம் கொடுத்தவர்கள், முகம் தெரியாத அத்தனை பேரையும் அவள் மனசுக்குள் கும்பிட்டாள்.

அவன் அக்காவைக் கூப்பிட்டான். அந்தப் பக்கம் ஒரே அழுகை. இவன் சமாதானம் சொன்னான், கிண்டல் செய்தான், பிறகு பழையபடி அரட்டையில் இறங்கிவிட்டான். நிலைப்படியில் நின்றவள் தடுக்கவில்லை. பேச்சோடு பேச்சாக, ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே, அவள் பக்கம் திரும்பிக் கேட்டான்:

“சாப்பிட என்ன இருக்கு?”