மாஸ்டர் கொடுத்த மொரிஷியஸ் பாட்டில்

ஏழுமலை மாஸ்டர் போய்விட்டார். காலையில் ஆபீஸிலிருந்து போன்... ஹார்ட் அட்டாக்காம்.

இரும்புலியூரில் அவர் வீட்டுக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். நிறைய அழுதேன். கூடவே கொஞ்சம் எரிச்சலும்... அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்கு: தாம்பரத்தில் நான் வேலை பார்க்கும் டூர் ஆபீஸின் சமையல் மாஸ்டர். நம் ஆட்களுக்கு மொரிஷியஸ் போனாலும் காலையில் இட்லி வேண்டுமே, அதற்காகக் கூடவே பறப்பவர்.

நான் டிக்கெட் போடுகிறவள். எட்டு வருஷமாக ஊரையே அனுப்பி வைக்கிறேன். என் பாஸ்போர்ட்டில் ஒரு சீல் கிடையாது.

கஸ்டமர்கள் அங்கேயும் சாம்பார் சாதம்தான். இவரோ ஓட்டல் கிச்சன் ஆட்களோடு உட்கார்ந்து அந்த ஊர்ச் சாப்பாட்டை ஒரு கை பார்ப்பார். கடுகு, மஞ்சள் போட்டு ஊறவைத்த மீன், பிரெட்டுக்குள் மிளகாய் வடை, வாழை இலையில் ஏழு கறி...

திரும்பி வந்ததும் என் தயிர்சாத டப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்வார். வயிறு எரியும். கேட்காமலும் இருக்க முடியாது.

ஒருமுறை "மொரிஷியஸில் என்னென்ன சாப்பிடலாம்" என்று கஸ்டமர்களுக்குக் கொடுக்க ஒரு லிஸ்ட் கேட்டார் ஓனர். மாஸ்டரைக் கேட்டிருக்கலாம். கேட்பேனா? நெட்டில் போட்டோ பார்த்து நானே டைப் செய்தேன். தால் பூரி... மெலிசாக, உள்ளே பருப்பு வைத்து... அட, நம்ம போளி! "இனிப்பு" என்று போட்டுவிட்டேன்.

சேலையூர் சார் ஒருவர், சுகர் பேஷண்ட். ஐந்து நாளும் அதைத் தொடவே இல்லை. கிளம்பும் அன்று மனைவி தட்டிலிருந்து கிள்ளி வாயில் போட்டால்... உள்ளே உப்புப் பருப்பு, மேலே பீன்ஸ் குழம்பு, தக்காளி!

ஆபீஸுக்கே வந்து கத்தினார். "அஞ்சு நாள் வேஸ்ட் பண்ணிட்டீங்களே!"

"நான்தான் சார் தப்பா சொல்லிக் குட்த்தேன், வுடுங்க" என்றார் மாஸ்டர்.

சார் போனதும் என்னிடம், "இன்னாம்மா, துன்னு பாக்காமயே எழுதிக்கினு கீறியே... என்னாண்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்ட நல்ல பெயரும் அவருக்கே போனது, பாருங்கள்.

அடுத்த ட்ரிப்பில் ஒரு சின்ன பாட்டில் கொண்டுவந்தார். அந்த ஊர் மிளகாய் விழுது, எலுமிச்சை வாசனையோடு. "யார்கிட்டயும் சொல்லாதம்மா. உனுக்கு மட்டும்தான்." அதற்குப் பிறகு ஒவ்வொரு ட்ரிப்புக்கும் ஒரு பாட்டில். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று அவர் வீட்டு வாசலில் எங்கள் ஆபீஸ் வேன் டிரைவர் அழுகிறார். "எனக்கு மட்டும்னு ஒரு பாட்டில் குடுப்பாரு மேடம்..."

"எனுக்குந்தான்பா" என்று மூக்கைச் சிந்துகிறார் தெருவில் மீன் விற்கும் அக்கா.

சேலையூர் சாரும் வந்திருந்தார். அவருக்கும் உண்டாம்!

சாவு வீட்டில் நின்றுகொண்டு மூன்று பேர்மேலும் பொறாமைப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் பட்டேன்.

கடைசி பாட்டிலில் பாதி, ஃப்ரிட்ஜில் இருக்கிறது. யாருக்கும் தர மாட்டேன்.

போய் வாங்க மாஸ்டர்.

எனக்கு மட்டும்தான் கொண்டுவந்தீங்க.