கயிறு போட்டு நட்ட கல்

யுத்தம் முடிந்த கையோடு, குண்டாற்றின் கரை வருஷத்துக்கு எவ்வளவு கரைகிறது என்று பார்க்கும் வேலையில் என்னைப் போட்டார்கள். கரையிலிருந்து தள்ளி ஒரு கல் நடுவோம். வெள்ளம் வடிந்ததும் கல்லிலிருந்து கரை வரை அளவுச் சங்கிலி பிடிப்போம். தூரம் குறைந்த அளவுக்கு நிலத்தை ஆறு தின்றிருக்கிறது என்று கணக்கு. புதுசாக, விமானத்திலிருந்து எடுத்த படங்களும் வந்திருந்தன. எங்கள் அதிகாரி அவற்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். வெயிலில் சங்கிலி இழுப்பது நான்.

திருச்சுழிக்குத் தெற்கே, புருஷனை இழந்த ஓர் அம்மாளின் கரிசல் காடு ஆற்றை ஒட்டி இருந்தது. அந்த ஐப்பசி வெள்ளத்தில் பருத்தியோடு பாதிக் காடு போய்விட்டது. ஆறு கரையை அரித்துவிட்டது என்று நாங்கள் எழுதிக்கொடுத்தால் புறம்போக்கில் மாற்று நிலம் கிடைக்கும். அதைத்தான் அவர் மலைபோல நம்பியிருந்தார்.

அங்கே நாங்கள் நட்டிருந்த கல்லுக்கு மஞ்சள் பூசி அரளிப்பூ வைத்திருந்தார். அந்தப் பக்கம் நட்ட கல்லெல்லாம் சாமிதான்; நாங்களும் சிரித்துவிட்டுப் போவோம். சங்கிலி பிடித்தேன். போன வருஷத்து அளவு அப்படியே வந்தது. மறுபடி பிடித்தேன். அதேதான்.

"கல்லை யாரும் தொட்டீகளா?" என்றேன்.

"நாந்தேன்யா. தண்ணி கிட்ட வந்துருச்சு. சாமி ஆத்தோட போயிருமேன்னு ஆளுகளை வச்சுத் தோண்டி எடுத்தேன். போன வருசம் நீங்க அளந்தப்பவே கயித்துல முடிச்சுப் போட்டு வச்சிருந்தேன். வெள்ளம் வடிஞ்சதும் புதுக்கரையில இருந்து அம்புட்டுத் தூரம் அளந்து நட்டுட்டேன். கவர்மெண்டு கல்லுல்ல, அளவு தப்பலாமா?"

எனக்குக் கோபம் வரவில்லை. கல் முன்பு நின்ற இடத்தைத் தேடினேன். பழைய இடத்துக்கு அடையாளமாக இருந்த புளியமரமும் ஆற்றோடு போயிருந்தது.

முகாமில் அதிகாரியிடம் நடந்ததைச் சொன்னேன். படத்தை எடுத்தார். அதில் அந்தக் காடு நகக்கண் அளவுதான்; கரை எது, நிழல் எது என்று அவருக்கே பிடிபடவில்லை. "கல் நகர்ந்ததுங்கிறது அந்தம்மா வாய்ச்சொல். சங்கிலி சொன்னதைத்தான் எழுத முடியும்" என்று, அரிப்பு இல்லை என எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அடுத்த ஊருக்கு அந்த வழியாகத்தான் போகவேண்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் ஓடிவந்தார்.

"அளவு சரியா வந்துச்சாய்யா?"

"வந்துச்சும்மா."

"அப்ப மாத்து நெலம் கெடைச்சிரும்" என்று சொல்லி, கல்லுக்குச் சூடம் கொளுத்தினார்.