இடது பக்கத்து சீட்

என் வீட்டுக்காரர் அந்தக் காரை வாங்கி வந்தபோது அதற்குள் கோழிகள் குடியிருந்தன. கொடைரோடு பக்கம் ஒரு பங்களாத் தோட்டத்தில் பல வருடமாகக் கோழிக்கூடாகக் கிடந்த பழைய சீமை ஸ்போர்ட்ஸ் கார் அது. டிராக்டரில் ஏற்றிவந்து அரசரடியில் எங்கள் வாசலில் இறக்கியதும் தெருவே கூடிச் சிரித்தது. என் மாமியார் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"மேல கூரையுமில்ல, பின்னால சீட்டுமில்ல. இதுல யாரைடா ஏத்துவ?"

"ரெண்டு பேருதாம்மா உக்காரலாம். இது அப்படிப்பட்ட காரு" என்றார் இவர்.

ரெண்டு பேர்! அந்த வார்த்தையில்தான் நான் விழுந்தேன். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். இருவர் மட்டுமாகத் தெருமுனைக்குக்கூடப் போனதில்லை. சினிமாவுக்குப் போனால் எங்களுக்கு நடுவில் மாமியார் உட்காருவார். வண்டியூர் தெப்பத்துக்குப் போனால் அரை டவுன்பஸ் நிறையச் சொந்தக்காரர்கள் வருவார்கள். இந்தக் காரில் மூன்றாவது ஆளுக்கு இடம் ஏது? ஆகவே ஊரே "உன் புருசனுக்குக் கிறுக்கா?" என்று கேட்டபோதும் நான் இவர் பக்கம்தான் நின்றேன்.

இவருக்குத் தொழில் பம்புசெட் ரிப்பேர். பம்புசெட்டுக்குத் தெரிந்த வைத்தியத்தையெல்லாம் காருக்கும் செய்து பார்த்தார். பழைய இரும்புக் கடைகளில் புகுந்து எதையாவது அள்ளிக்கொண்டு வருவார், அரத்தால் ராவுவார், அடிப்பார், பொருத்துவார், மறுநாள் கழற்றுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் இவருடைய கால்களை மட்டும்தான் காருக்கு வெளியே பார்க்கலாம். நான் உள்ளே உட்கார்ந்து இவர் "மிதி" என்றால் பிரேக்கை மிதிப்பேன், "விடு" என்றால் விடுவேன். புடவையெல்லாம் கிரீஸ்; மண்ணெண்ணெய் போட்டுத்தான் போக்க வேண்டும். "சமைக்கிற கைல மண்ணெண்ணெய் நாத்தம் அடிக்குது தாயி" என்று மாமியார் குழம்பை மோந்து பார்ப்பார். நான் கண்டுகொள்ளவே மாட்டேன்.

ஒருவழியாகச் செக்கச்செவேலென்று பெயின்ட் அடித்து வண்டி தயாராகி நின்றது. அழகென்றால் அப்படியொரு அழகு! ஸ்டார்ட்டர் மோட்டார் மட்டும் கடைசிவரை எங்கேயும் கிடைக்கவில்லை. அதனால் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். இவர் பின்னாலிருந்து தள்ளுவார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்து, செகண்ட் கியரைப் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டிருப்பேன். இவர் கத்தியதும் கிளட்சை விட வேண்டும். இன்ஜின் உறுமியதும் மறுபடி மிதித்து, பிரேக் போட்டு, அணைந்துவிடாமல் ஆக்சிலேட்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு கியரை எடுத்துவிட்டு நான் இறங்க, இவர் ஏறுவார். இந்த வேலையில் நான் கெட்டிக்காரி ஆகிவிட்டேன்.

முதல் சவாரி எனக்குத்தான் என்று தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டிலிருந்து இவருடைய தாய்மாமா வந்தார், கையில் கதம்ப மாலையோடு. தாம்புக்கயிறு கனத்துக்கு இருந்தது அந்த மாலை. "புது வண்டில தாய்மாமன் உக்காராம கெளப்பலாமா மாப்ள?" என்று சொல்லி, காரின் முகம் மறைகிற மாதிரி மாலையைக் கட்டினார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. நான் பூவோடு வாசலில் நின்றேன்.

பசுமலை தாண்டுவதற்குள் ரேடியேட்டர் கொதித்து ஆவி பறந்திருக்கிறது. காற்றுப் போக வழியே இல்லாமல் மாலை அடைத்துக்கொண்டிருந்தது. "மாலையக் கழட்டிருவோம் மாமா" என்று இவர் கெஞ்ச, "சாமிக்குச் சாத்துன மாலைடா! வீடு போய்ச் சேர்றதுக்குள்ள கழட்டுனா வெளங்குமா?" என்று மாமா மறுக்க, கடைசியில் ரேடியேட்டருக்கும் சாமி மாலைக்கும் சேர்த்துக் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருவரும் வந்து சேர்ந்தார்கள். மாமா முகத்தில் அத்தனை பெருமை.

அடுத்தது மாமியார். கூரையில்லாத காரில் ஏறவே மாட்டேன் என்றவர், சோழவந்தானில் நல்ல வெற்றிலை வாங்க வேண்டுமென்று ஏறினார். திரும்பி வரும்போது கொண்டை அவிழ்ந்து தலை முழுக்கப் புழுதி. "எம்புட்டுக் காத்து! நாளைக்கும் போவமாடா?" என்றார். பிறகு பெரிய நாத்தனார், சின்ன நாத்தனார், மாமாவின் சம்பந்தி. யாருக்கும் மரியாதை குறையக் கூடாதே! ஒவ்வொரு தடவையும் வண்டியைக் கிளப்பிக் கொடுத்துவிட்டு இறங்கியது நான். எனக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. அழுகையும்தான், ஏன் மறைக்க வேண்டும்?

"என்னங்க, நான் உங்க பொண்டாட்டியா, ஸ்டார்ட்டர் மோட்டாரா?" என்று கேட்டேன். இவர் தலையைச் சொறிந்தார். "இந்த ஞாயித்துக்கெழமை நாம ரெண்டு பேருதான். திருப்பரங்குன்றம் போறோம். போதுமா?"

ஞாயிறு வந்தது. நான் ஸ்டியரிங்கில், இவர் பின்னால். "விடு!" என்றார், விட்டேன், இன்ஜின் உறுமியது. கிளட்சையும் பிரேக்கையும் மிதித்து நிறுத்தினேன். சரியாக அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் கதவு திறந்தது. சலவை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக மாமா.

"குன்றத்துக்கா மாப்ள? நானும் வாரேன். அந்தப் புள்ளைய எறங்கச் சொல்லு."

திரும்பி இவரைப் பார்த்தேன். மனுசன் மறுபடி தலையைச் சொறிந்தார். முடியாது என்று மட்டும் இவர் வாயிலிருந்து வரவில்லை. மாமா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசற்படி இறங்கிக்கொண்டிருந்தார்.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். ஆக்சிலேட்டரை ஒரு மிதி, கிளட்சை மெல்ல விட்டேன். கார் ஒரு குதி குதித்துக் கிளம்பியது. பின்னால் "ஏய்! ஏய், புள்ள!" என்று இவருடைய சத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பினேன். தெருமுனை தாண்டி வேப்பமரத்தடியில், இன்ஜின் அணையாமல் பிரேக் போட்டு நிறுத்தினேன். இவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். முகம் சிவந்திருந்தது. இன்றைக்கு எனக்கு நல்ல திட்டு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இறங்குவதற்குக் கதவில் கை வைத்தேன்.

இவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கதவைக்கூடத் திறக்காமல் தாவி இடது பக்கத்து சீட்டில் விழுந்தார்.

"போ புள்ள, நிக்காத! மாமா வாராரு!"