சேர்த்தவருக்கு மட்டும்

காலையில் மணி அடிப்பதற்கு முன் மங்கலத்துக்குத் தலை பின்னிவிடுவது தலைமையாசிரியை சுசீலாபாயின் வேலை. யாரும் கொடுத்த வேலை அல்ல. ஆரியசாலைக் கடைத்தெருவில் புளியும் மிளகும் மொத்தமாக விற்கும் பகவதிப்பெருமாள், மகளைப் பட்டுப்பாவாடையில்தான் அனுப்புவார். தலை மட்டும் தேங்காய் நார் மாதிரி வரும். அந்த வீட்டில் பெண்கள் கிடையாது.

“வலிக்கு டீச்சரே.”

“வலிக்கட்டும். இந்தத் தலையில காக்கா கூடு கட்டினா கெட்ட பேரு எனக்குத்தான்.”

சுசீலாபாய்க்கு ஊர் நாகர்கோவில் பக்கம். கல்யாணமான மறுவருஷமே கணவர் காலராவில் போய்விட, டீச்சர் டிரெயினிங் முடித்துத் திருவனந்தபுரம் வந்தவர். அழுகிற பிள்ளையை மடியில் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டார். மூக்கைத் துடைத்து வகுப்புக்கு அனுப்புவார். தமிழும் மலையாளமுமாக நடந்த அந்தச் சின்னப் பெண்பள்ளியில் அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ராஜா ஆட்சி போய்த் திருவிதாங்கூர்-கொச்சி ஆன பிறகும் அது மாறவில்லை. பிள்ளையை யார் கொண்டுவந்து சேர்த்தாரோ, அவரிடம் மட்டும்தான் பிள்ளையைப் பற்றிப் பேச்சு. நாயர் வீட்டுப் பிள்ளைகளை அநேகமாக அம்மாவன், அதாவது தாய்மாமன், வந்து சேர்ப்பார். தமிழ்ப் பிள்ளைகளை அப்பா. மனைவியைப் பிரிந்திருந்த நாயர் ஒருவர் மகளின் மார்க்கைக் கேட்டு வந்தபோது, அம்மாவனைக் கூட்டிவரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். “ஞான் என்ன, வழியே போனவனா டீச்சரே?” என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் படியிறங்கினார். குடும்ப வழக்குகள் வாசலோடு நின்றுவிட இந்தச் சட்டம் வசதியாக இருந்தது.

மங்கலத்தைச் சேர்க்கும்போது பகவதிப்பெருமாள், “தாய் டைபாய்டுல செத்துப்போச்சு” என்று சொல்லியிருந்தார்.

அன்று பிள்ளையை வகுப்புக்கு அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது, ஒரு பெண் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முன்நெற்றியில் அதே சுழி, அதே ஒட்டிய காது. சற்றுமுன் வெளியே போன பிள்ளை வயதாகித் திரும்பி வந்தது போலிருந்தது.

“நான் நீலாம்பா. மங்கலத்துக்க அம்ம.”

“அவங்க இறந்துட்டதால்லா சொன்னாரு?” சுசீலாபாயின் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வந்தவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்து, ஈரத்தை நீட்டிக் காட்டினாள். “செத்தவளுக்கு இப்படி வேர்க்குமா டீச்சரம்மா?”

கோபித்துக்கொண்டு கோட்டாறில் அண்ணன் வீட்டுக்குப் போனவள் அவள். நாலு நாளில் கணவர் வந்து கூப்பிடுவார் என்று இருந்தாளாம். அவர் பிள்ளையோடு இங்கே வந்து கடை போட்டுவிட்டார். இப்போது இதே ஊரில், கரமனையில் சித்தி வீட்டில் இருக்கிறாள்.

“காலம்பற எதிர்க்கடையோரம் வந்து நிப்பேன். முதல்ல என்னையே பாத்துக்கிட்டு நின்னா. ஒருநாள் சிரிக்கக்கூடச் செய்தா. இப்பம் என்னைக் கண்டா குனிஞ்சுட்டு ஓடுதா. யாரு சொல்லிக்கொடுத்தது? அப்பனா?”

சொல்லிக்கொடுத்தது யார் என்று சுசீலாபாய்க்குத் தெரியும். ஒருநாள் பின்னல் போடும்போது மங்கலம், “வெளிய அம்ம வந்து நிக்கா டீச்சரே” என்றாள். “செத்தவங்க வரமாட்டாங்க. அது உனக்குத் தோணுறது. பாத்தா பயம் கூடும். குனிஞ்சுக்கிட்டு நேரே உள்ள வந்துரு” என்று சுசீலாபாய்தான் சொன்னார். மங்கலம் சொன்னதைக் கேட்கிற பிள்ளை. மறுவாரம், “இன்னைக்கும் நின்னா. நான் பாக்கல்ல” என்று பெருமையாகச் சொன்னாள். நல்ல பிள்ளை என்று கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார்.

“படிக்காளா? காய்ச்சல் கீய்ச்சல் உண்டா?” என்று கேட்டாள் நீலாம்பாள்.

“சேர்த்தவர்கிட்ட மட்டும்தாம்மா பேசுவோம். இங்க அதுதான் சட்டம்.” தன் குரலே சுசீலாபாய்க்கு அந்நியமாகக் கேட்டது.

“அப்பம் பெத்தவ?”

“கோர்ட்டுல உத்தரவு வாங்கிட்டு வாங்க.”

“எங்க அண்ணனை அனுப்பட்டா? அம்மாவன் வந்தா சொல்லுவியளாமே?”

“சேர்த்த அம்மாவனுக்குத்தான்.”

“நல்ல சட்டம்! நாளைக்கு வழியே போறவன் கையைப் பிடிச்சுக் கொண்டுவந்து சேர்த்தாலும் பிள்ள அவனுக்குத்தான், இல்லியா?” நீலாம்பாள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அடங்கிப்போனது.

அடுத்த அறையில் வாய்ப்பாடு தொடங்கியது. அந்த இரைச்சலில் மங்கலத்தின் குரல் எது என்று சுசீலாபாய்க்குத் தெரிந்தது. பெற்றவள் சுவரைப் பார்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள், அவளுக்குப் பிடிபடவில்லை.

“டீச்சரம்மா, நீங்க எனக்கு ஒண்ணும் சொல்லாண்டாம். அவளை எங்கிட்டக் காட்டாண்டாம். நான் உசுரோட இருக்கேன்னு மட்டும் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுவியளா?”

சொன்னால் பகவதிப்பெருமாள் மறுநாளே பிள்ளையை நிறுத்திவிடுவார். அதுகூடப் பெரிதில்லை. செத்தவங்க வரமாட்டாங்க என்று சொன்ன வாயால், வந்தது உன் அம்மாதான் என்று எப்படிச் சொல்வது? இத்தனை நாள் அவளைப் பார்க்காமல் ஓடிவந்த பிள்ளை அதை எப்படித் தாங்கும்? சுசீலாபாய் மேசையிலிருந்த வருகைப் பதிவேட்டை இழுத்துப் பிரித்து, அதன்மேல் குனிந்துகொண்டார்.

நீலாம்பாள் வாய்ப்பாடு முடியும்வரை காத்திருந்தாள். பிறகு எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அறையை விட்டு வெளியே போனாள்.