முகட்டில் ஏறிய பூனை

கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போன பூனையின் குரல், எண்ணெய் காணாத கதவை மெல்லத் திறக்கிற சத்தம் போலிருக்கும். எனக்கு எட்டு வயதாயிருந்தபோது, குருநகர்க் கடற்கரையோரத்தில் இருந்த எங்கள் ஒற்றையறை வீட்டின் முகட்டிலிருந்து அந்தச் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. கீழே எங்கள் நாய் ரைகர், வாலை ஆட்டியபடி, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அது ஏன் அப்பாவைப் பார்த்தது என்பதைச் சொல்லவேண்டும். விலைபோகாத மீனை அம்மா உப்பிட்டு, கரையில் ஓலைப்பாய் விரித்துக் கருவாட்டுக்குக் காயப்போடுவார். காகங்களைக் கையால் விரட்டலாம். ஒழுங்கையில், அந்தச் சந்துகளில் திரியும் பூனைகளை விரட்ட முடியாது. அதனால் ரைகர் குட்டியாயிருந்தபோதே அப்பா அதற்கு அந்த வேலையைப் பழக்கிவிட்டார். ஒரு பூனையைத் துரத்திவிட்டு வந்தால் ஒரு மீன்தலை, முதுகில் ஒரு தட்டு, "என்ரை ராசா" என்று ஒரு சொல். ரைகர் நிற்கிற நாளில் எங்கள் பாய்ப் பக்கம் பூனை எட்டியும் பார்க்காது.

அந்த வருடம் மாரி முடிந்து வெயில் பிடித்தபோது வீட்டுக்குள் எலி வந்தது. அறையில் பாதியை வலைதான் பிடித்திருந்தது. மீன்வாடை ஊறிய அந்த வலையை எலிகள் நறுக்கித் தள்ளின. அப்பா பகல் முழுக்க இருந்து ஓட்டைகளைப் பொத்துவார். விடிந்து பார்த்தால் பக்கத்தில் இன்னொரு ஓட்டை இருக்கும். ஓட்டை வலையோடு கடலுக்குப் போய் அவர் வெறும் மீன்பறியோடு திரும்பிய நாட்களில் எங்களுக்குக் கஞ்சிதான். இருந்தது அந்த ஒரு வலை. அது போனால் பிறகு ஒன்றுமில்லை என்று சின்னவனாகிய எனக்கும் தெரிந்திருந்தது. அம்மா அச்சுவேலியில் இருந்த தன் தங்கை வீட்டுக்குப் போய், எலி பிடிப்பதில் பேர்போன ஒரு பூனையை உரப்பையில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தார். பை கத்துவதைக் கேட்ட கொண்டக்டர், "அக்கா, பிள்ளைக்கு ரிக்கெற் எடுக்கேல்லையோ?" என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே அம்மா பையை அவிழ்த்தார்.

ரைகர் தன் வேலையைச் செய்தது. பூனை சுவரில் பாய்ந்து முகட்டில் ஏறிக்கொண்டது. ரைகர் மீன்தலைக்காகக் காத்திருந்தது.

"பழக்கின வேலையைத்தானே செய்யுது. நீர் என்னைக் கேட்டெல்லோ கொண்டந்திருக்கவேணும்" என்றார் அப்பா.

"ஓம், கேட்டுப்போட்டு நிண்டிருந்தால் எலி முழு வலையையும் திண்டு முடிச்சிருக்கும். உங்கடை ராசா எலி பிடிப்பாரோ?" என்றார் அம்மா.

பூனை இறங்கவில்லை, எலிகள் பயமில்லாமல் நறுக்கின. ரைகர் பூனையை விட்டுக் கரைக்குப் போகவில்லை. அங்கே கருவாடு பாயோடு பறிபோனது. கட்டிப்போட்டால் கயிற்றைக் கடித்துக்கொண்டு வந்து மறுபடியும் முகட்டுக்குக் கீழே உட்கார்ந்தது. அம்மாவும் அப்பாவும் நேரே கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். "கொப்பரைச் சாப்பிடச் சொல்லு" என்று அம்மாவும், "கொம்மாவுக்குச் சொல்லு, பசிக்கேல்லை" என்று அப்பாவும், எல்லாம் என் வழியாகத்தான் நடந்தது.

பக்கத்து வீட்டு மரியான் அண்ணை வந்து பார்த்தார். "உதுக்கு ரண்டு சாத்துச் சாத்து, விளங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா அதுவரை ரைகரில் கை வைத்தவர் அல்ல. வேறு வழி தெரியாமல், பூனையைக் காட்டிக் காட்டிக் கயிற்றுத் துண்டால் அடித்தார். முதலில் ரைகர் அதை விளையாட்டென்று நினைத்துக் கயிற்றைக் கவ்வப் பார்த்தது. பிறகு விளங்கிக்கொண்டது. ஆனால், எங்கள் வீட்டுப் பூனையை மட்டும் விடவேண்டும் என்று அது விளங்கவில்லை. எந்தப் பூனையையும் பார்க்கவே கூடாது என்று விளங்கிக்கொண்டது. ஒழுங்கைப் பூனைகள் பாயில் ஏறி நின்று தின்ன, ரைகர் தலையை மண்ணில் வைத்து, படுத்த இடத்திலேயே மூத்திரம் பெய்தது. "மரியாதை படிச்ச நாய், விருந்தாளியைப் பார்த்துக் குலைக்காது" என்று கரையில் சிரித்தார்கள். அச்சுவேலிப் பூனையும் இறங்கி வந்து, முதல் வேலையாக அதன் மூக்கைக் கிழித்தது.

இரண்டையும் வைத்திருக்க முடியாது என்றானது. நாயை எங்கேயாவது கொண்டுபோய் விடவேணும் என்று சொன்னவர் அப்பா. வேண்டாம் என்று அழுதவர் அம்மா.

"வலை இல்லாட்டி நாங்கள் இல்லை. பூனை இப்பதான் எலி பிடிக்கத் தொடங்கியிருக்கு. நாய் இனி எதுக்கு?" என்றார் அப்பா.

"அது என்ன பிழை செய்தது? சொல்லுங்கோ, என்ன பிழை செய்தது?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்பா ரைகரை வள்ளத்தில் ஏற்றி, எதிரே தெரிகிற தீவில் மீன்வாடிக் குடில் போட்டிருந்த ஒருவரிடம் விட்டுவிட்டு வந்தார். வந்தவர் சட்டையைக் கழற்றாமல் வாசலில் இருந்தார். அம்மா நேரே அவரிடமே கேட்டார்: "நிண்டதோ?"

"பின்னாலை நீந்தி வரும் எண்டு நினைச்சன். எழும்பவே இல்லை. நான் கையைத் தூக்கி வள்ளம் தள்ளுற கம்பை எடுக்க, கண்ணை மூடிக்கொண்டு படுத்திட்டுது."

அடுத்த நாள் காலை அம்மாவும் அப்பாவோடு வள்ளத்தில் ஏறினார். கல்யாணம் செய்து வந்தபிறகு ஒருநாளும் கடலில் இறங்காதவர், இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு போனார். அப்பா கூப்பிட ரைகர் வரவில்லை. அம்மா கூப்பிட, வயிறு மண்ணில் தேய இழைந்து வந்ததாம். பூனை அதே உரப்பையில் அச்சுவேலிக்குத் திரும்பிப் போனது.

எலிகள் வலையை முடித்துவிட்டன. அப்பா அதன் பிறகு வேறு ஆட்களின் வள்ளத்தில் கூலிக்குத்தான் போனார். நானும் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு அவருக்குப் பின்னால் போனேன். ரைகர் இன்னும் சில வருடம் இருந்தது. குரைக்கவில்லை. அப்பா தரும் மீன்தலையை, அவர் எழும்பி அப்பால் போகும்வரை தொடவில்லை. அவர் வைத்துவிட்டு உடனே போய்விடப் பழகிக்கொண்டார்.

இன்று அந்தக் கரையில் கருவாட்டுப் பாய் விரிப்பார் இல்லை. மீன் வள்ளத்திலிருந்து நேரே ஐஸ் பெட்டிக்குள் போய் லொறியில் ஏறிவிடுகிறது. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. எலிகள் மட்டும் குறையவில்லை. போன மாதம் என் மனைவி, தன் தமையன் வீட்டில் ஒரு பூனைக்குட்டி இருப்பதாகச் சொல்லி, வாசலில் படுத்திருந்த எங்கள் நாயைக் காட்டினாள்: "முதலிலை உவனைக் கொஞ்சம் வெருட்டி வையுங்கோ."

எனக்கு இதையெல்லாம் வாயால் சொல்ல வராது. எழுந்து போய், மூடி போட்ட பெரிய பிளாஸ்ரிக் பரல் ஒன்றை வாங்கிவந்து, எலி எட்டாதபடி என் வலையை அதற்குள் திணித்து மூடினேன். "கேட்டதுக்கு ஒரு சொல்லுச் சொன்னால் என்ன?" என்றாள். அவள் இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.